ராமானுஜனுக்குப் போர்த்திக்கொள்ளச் சொல்லித் தந்தவர்: வெளிநாட்டுப் படிப்பின் முதல் நாள்கள்

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் விழுப்புரத்திலிருந்து இரவு நேரத்தில் கிளம்பும் சில கார்களைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிடும். டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகள். எடை கூடிவிடுமோ என்று வீட்டிலேயே நான்கு முறை நிறுத்துப் பார்த்தவை. பின் சீட்டில் அம்மாவும் பாட்டியும். நடுவில், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பிள்ளை. திண்டிவனத்தில் ஒரு டீ. அதன்பின் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் மீனம்பாக்கம் விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப் அழைப்பு வரும்.

“நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன்மா.”

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன்.”

அவ்வளவுதான். அந்த ‘சாப்ட்டேன்’ இரண்டு துண்டு ரொட்டியாக இருக்கலாம். அந்த ‘நல்லா இருக்கேன்’ தூங்காத மூன்று இரவுகளை மறைத்து வைத்திருக்கலாம். வீடு கடன் வாங்கி அனுப்பியிருக்கிறது. அதை நினைத்தே பல பிள்ளைகள் கஷ்டத்தை வெளியே சொல்வதில்லை.

நூறாண்டுக்கு முன்பு போன ஒரு தமிழ் மாணவரும் இப்படித்தான் இருந்தார். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

விழுப்புரத்தில் மாறிய ரயில்

கும்பகோணத்து ராமானுஜன் 1910-ல் வேலை தேடி ரயில் ஏறினார். விழுப்புரத்தில் இறங்கி, வண்டி மாறி திருக்கோவிலூர் போனார். அங்கே துணை கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அவர், இவ்வளவு திறமையுள்ளவரை வருவாய்த்துறையின் கடைசிப்படி குமாஸ்தாவாக உட்கார வைக்க மனமில்லாமல், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த நான்கு ஆண்டுகளில் எல்லாம் மாறியது. 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம். பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் தந்த உதவித்தொகை: ஆண்டுக்கு 250 பவுன். அதில் 50 பவுன் ஊரில் இருந்த குடும்பத்துக்குப் போனது. படிக்கப் போன இடத்திலிருந்தே வீட்டையும் தாங்க வேண்டிய நிலை அன்றும் இருந்தது.

கிளம்பும் முன் குடுமி போனது. கோட்டு, சூட்டு, பூட்ஸ் வந்தன. முள்கரண்டியால் சாப்பிடப் பழக்கினார்கள். இந்தக் கோலத்தைப் பார்த்து மனம் வருந்த வேண்டாம் என்று தாயையும் மனைவி ஜானகியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பி வைத்தார். அன்று அந்த ரயில் பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான் போனது. 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ கப்பல் சென்னையை விட்டு நகர்ந்தது.

முதல் வாரங்கள் நன்றாகத்தான் இருந்தன

ஏப்ரல் 14 அன்று லண்டன். சில நாளில் கேம்பிரிட்ஜ். கணிதவியலாளர் நெவில், அவரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். ஊர் தெரியாத ஒருவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. வந்தது வசந்த காலம். குளிரும் கடுமையில்லை. பூட்ஸ் மட்டும் காலைக் கடித்தது. ஜூன் மாதம் டிரினிட்டி கல்லூரி விடுதியில் தனி அறைக்கு மாறினார்.

இன்று போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். செப்டம்பரில் லண்டனிலோ மியூனிக்கிலோ இறங்கும்போது வெயில் இருக்கும், புது இடத்தின் உற்சாகம் இருக்கும், அறிமுக விழாக்கள் இருக்கும். சோதனை நவம்பரில் தொடங்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். முதல் வாரத்தில் சிரித்த பிள்ளை மூன்றாம் மாதம் வாடுவது இதனால்தான். முதல் அழைப்பு நன்றாக இருந்தது என்று பெற்றோர் நிம்மதியடைந்துவிடக் கூடாது.

மகலனோபிஸ் கேட்ட கேள்வி

கேம்பிரிட்ஜில் அப்போது படித்துக்கொண்டிருந்த இன்னொரு இந்தியர் பி.சி. மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர். குளிர்காலத்தில் ஒருநாள் ராமானுஜனின் அறைக்குப் போன அவர், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று கேட்டார்.

குளிர்கிறது என்றார் ராமானுஜன். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுப்பதாகச் சொன்னார்.

மகலனோபிஸ் கேட்டதோடு நிற்கவில்லை. படுக்கையைப் போய்ப் பார்த்தார். அங்கே போர்வைகள் இருந்தன. மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவற்றை இழுத்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் போர்வையை விலக்கி, எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

உலகமே வியந்த கணித மேதைக்குப் போர்வை பிடிபடவில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பாயில் படுத்துப் பழகியவருக்கு அந்த ஊர்ப் படுக்கையை யார் சொல்லித் தந்தார்கள்? ஒருவர் வந்து கேட்கும் வரை அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு கிண்ணம் ரசம்

சாப்பாடு அதைவிடப் பெரிய சிக்கல். தீவிர சைவரான ராமானுஜன் கல்லூரிச் சாப்பாட்டை ஒதுக்கி, அறையிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. காய்கறி கிடைப்பதே கடினமானது. கணக்கில் மூழ்கினால் நேரத்துக்குச் சாப்பிடுவதும் மறந்துபோகும்.

ஒருமுறை வங்காள நண்பர் ஒருவரையும் வேறு சிலரையும் விருந்துக்கு அழைத்துத் தானே சமைத்துப் பரிமாறினார். ரசத்தை இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தவர்கள், மூன்றாம் முறை போதும் என்றார்கள். சற்று நேரத்தில் ராமானுஜனைக் காணவில்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டு, சில நாள் கழித்துத்தான் திரும்பினார். போதும் என்று சொன்னது அவர் மனதைப் புண்படுத்திவிட்டதாம். சேர்ந்து சாப்பிட ஆளில்லாமல் எத்தனை நாள் இருந்தால் ஒரு கிண்ணம் ரசத்துக்கு அவ்வளவு கனம் வரும்!

1917-ல் நோயில் விழுந்தார். அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். டிரினிட்டி கல்லூரியும் ஃபெலோவாக்கியது. 1919-ல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் 32 வயதில் மறைந்தார். அவர் நோய்க்குக் குளிரோ உணவோ மட்டும்தான் காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் தனிமையும் ஒழுங்கற்ற சாப்பாடும் உடம்புக்கு நல்லது செய்திருக்காது.

இன்றைய போர்வைகள்

இன்று போகிறவர்களும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் தடுமாறுகிறார்கள்.

ஹீட்டர்: ஜெர்மனி விடுதிகளில் ஹீட்டர் திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி. இது தெரியாமல் ஸ்வெட்டரோடு நடுங்குபவர்கள் உண்டு. முதல் நாளே பக்கத்து அறையில் கேட்டுவிடுங்கள்.

பெட்டி: பாட்டி உருக்கிய நெய்யும் பால்கோவாவும் ஐரோப்பிய நாடுகளிலும் பிரிட்டனிலும் சுங்கத்தில் நின்றுவிடும். பால் பொருள், இறைச்சி இரண்டையும் இங்கிருந்து கொண்டுபோக அனுமதியில்லை. பருப்புப் பொடி, இட்லிப் பொடிக்கு இடம் கொடுங்கள். சாதம் வடிக்க, ரசம் வைக்க, ஒரு கூட்டு செய்ய ஊரிலேயே கற்றுக்கொண்டால் அதற்குப் பெட்டியில் எடையே கிடையாது.

பதிவுகள்: ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பிரிட்டனில் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் அலைச்சல்.

அவசர எண்: ஐரோப்பாவில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவில் 911. பிள்ளையின் போனில் மட்டுமல்ல, மனதிலும் இருக்கட்டும்.

நேரம்: அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். லண்டனுக்கும் நமக்கும் உள்ள நான்கரை மணி நேர வித்தியாசம் ஐந்தரை ஆகும். வழக்கமான நேரத்தில் அழைப்பு வரவில்லையே என்று திண்டிவனத்தில் பதற வேண்டாம்.

துணை: பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கென்றே மனநல ஆலோசகர் உண்டு. அவரிடம் போவது தோல்வி இல்லை. வாரத்தில் ஒருநாளாவது யாருடனாவது சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

‘நல்லா இருக்கியா?’ என்ற கேள்விக்கு ‘நல்லா இருக்கேன்’ என்ற பதில்தான் வரும். மகலனோபிஸ் அப்படிக் கேட்கவில்லை. இரவுக் குளிரைப் பற்றிக் கேட்டார். உண்மையான பதில் வந்தது. படுக்கையைப் போய்ப் பார்த்தார், காரணமும் தெரிந்தது.

கேம்பிரிட்ஜ் வரை போய்ப் பார்க்கும் வசதி கும்பகோணத்தில் இருந்த தாய்க்கும் மனைவிக்கும் இல்லை. இன்று விழுப்புரத்தில் இருக்கும் அம்மாவின் கையில் வீடியோ அழைப்பு இருக்கிறது. இன்றிரவு அழைக்கும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “மதியம் என்ன சமைச்ச? யாரோட சாப்ட்ட? எங்கே, நீ படுக்கிற இடத்தைக் கொஞ்சம் காட்டு.”