இரண்டு பதிப்புகளுக்கு இடையே என்ன மாறியது?

புரோகிராமின் புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்த பின், நேற்று வரை சரியாக இருந்த கணக்கு இன்று தப்பாக வருகிறதா? எந்த மாற்றத்தால் இப்படி ஆனது என்று கண்டறிய ஒரு வழி உண்டு. அதுதான் கிட் என்னும் சாப்ட்வேர். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், 2005 ஏப்ரலில் இதனை எழுதினார். இது இலவசம், விண்டோஸிலும் இயங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அருப்புக்கோட்டையில் சேலை நெய்பவர்களுக்குக் கூலி கணக்கிட, உங்கள் மகன் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறார் என வைத்துக் கொள்வோம். சித்திரையில் 1.0, ஆடியில் 1.1 எனப் பதிப்புகள் தந்தார். ஒரு சேலைக்குக் கூலி ரூ.412.75. புதிய பதிப்பில் 40 சேலைக்கு ரூ.30 குறைகிறது. நெசவாளி கேட்டால் என்ன பதில் சொல்வது?

கமிட், டேக்

புரோகிராமில் செய்திடும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு குறிப்புடன் கிட் பதிந்து வைக்கும். இதற்குக் கமிட் என்று பெயர். பதிப்பு வெளியாகும் இடத்தில் ஒட்டும் சீட்டு, டேக். சீட்டு ஒட்ட மறந்திருந்தால் பழைய கமிட்டுக்கு இப்போதும் ஒட்டலாம்.

எப்படிப் பார்ப்பது?

புரோகிராம் உள்ள போல்டரில் ரைட் கிளிக் செய்து, கிட் பாஷ் விண்டோவைத் திறக்கவும். கீழ்க்காணும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டவும். (இங்கு உச்சரிப்பு தரப்பட்டுள்ளது.)

கிட் லாக் --ஒன்லைன் 1.0..1.1

இரண்டு புள்ளிகளின் இரு பக்கமும் இடைவெளி கூடாது. 1.1-ல் இருந்து, 1.0-ல் இல்லாத கமிட்கள் மட்டும் வரிக்கு ஒன்றாகக் கிடைக்கும். பழைய பதிப்பு முதலில் வர வேண்டும். மாற்றித் தந்தால் பெரும்பாலும் ஒன்றும் வராது. பட்டியலிலிருந்து வெளியேற க்யூ கீயை அழுத்தவும்.

அதில் "பைசாவை நீக்கினேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அதன் தொடக்கத்தில் உள்ள எண்ணைக் காப்பி செய்து, கிட் ஷோ என்பதன் பின் தரவும். மாறிய வரிகள் தெரியும். மொத்தத் தொகையில் அல்லாமல், ஒவ்வொரு சேலையிலும் 75 பைசா வெட்டப்பட்டிருக்கிறது. 40 சேலைக்கு ரூ.30! கிட் ரிவர்ட் கட்டளையுடன் அதே எண்ணைத் தந்தால் அந்த மாற்றம் மட்டும் நீங்கும். அதுவும் புதிய கமிட்டாகப் பதிவாகும்.

கவனிக்க வேண்டியவை

தேதியை வைத்துத் தேடாதீர்கள். பங்குனியில் தனியாக எழுதி வைத்த மாற்றம், ஆடியில்தான் சேர்க்கப்பட்டிருக்கலாம். தேதி அதனைத் தவறவிடும்; டேக் தவறவிடாது.

கமிட் செய்திடும்போது "சரி செய்தேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். எதை, ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். நாளை கூலி குறைந்ததற்குக் காரணம் தேடுகையில் அந்த ஒரு வரிதான் கை கொடுக்கும்.