வானத்துக்கு ஒரு திரை

சிவகாசி வட்டாரத்தில் அர்ச்சுனா நதியைத் தடுத்து நிற்கிறது ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம். மழை பெய்து நீர் நிறைந்திருக்கும் நாளில், அந்தி வேளையில் கரையில் நின்று பாருங்கள். மேலே செக்கர் வானம். எதிரே மரங்கள் வரிசையிட்ட அக்கரை. காலடியில் கல்லும் புல்லும். கண்ணுக்கு எல்லாம் தெரிகின்றன. ஆனால் காமிராவில் பிடித்துப் பிலிமைக் கழுவிப் பார்த்தாலோ, வானம் சுண்ணாம்புச் சுவர்போல் வெளுத்திருக்கும். வானம் சரியாக விழுந்திருந்தால் கரை கரிக்கட்டியாகியிருக்கும்!

காரணம் இதுதான். கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும். பிலிமுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளிச்சம் இரு மடங்கானால் அதைப் புகைப்படக்காரர்கள் 'ஒரு ஸ்டாப்' என்பார்கள். ஸ்லைடு பிலிம் தாங்குவது ஏறக்குறைய 5 ஸ்டாப்தான்.

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. சென்னை ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858ல் மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்தார். அக்காலத்து நெகடிவ்கள் நீல ஒளியையே அதிகம் பற்றிக்கொள்ளும். ஆகவே வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அவர் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவின்மீது வர்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார்! பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியே எடுத்து ஒட்டவைத்தார்.

அந்தச் சிரமத்தைப் போக்க வந்ததுதான் பாதி கருமை, பாதி தெளிவாக உள்ள பில்ட்டர். லென்ஸின் முன்னே கருமைப் பகுதி வானத்தை மறைக்கும். தெளிந்த பகுதி பூமிக்கு வழிவிடும். வட்டமான பில்ட்டரில் கோடு நட்டநடுவே நின்றுவிடும். சட்டத்தில் செருகும் நீள்சதுர பில்ட்டரையோ வேண்டிய உயரத்துக்கு ஏற்றி இறக்கலாம்.

கோட்டை எங்கே நிறுத்துவது? ஆனைக்குட்டத்தில் என்றால் அக்கரை விளிம்பில். கோடு கீழே இறங்கினால் மரங்களும் நீரும் சேர்ந்து இருண்டுபோகும். மேலே ஏறினால் கரைக்கும் மேகத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை பல்லிளிக்கும். அக்கரை சமமாக இருந்தால் கோடு சட்டென்று மாறும் பில்ட்டர் நல்லது. பனைமரம் ஓங்கி நின்றால் மெல்ல மாறும் பில்ட்டரே உதவும். இல்லையேல் பனையின் தலை மட்டும் கறுத்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காமிராவில் பார்க்கும்போது லென்ஸின் துவாரம் முழுதும் திறந்திருக்கும். அப்போது கோடு மங்கலாகவே தெரியும். படம் எடுக்கும் கணத்தில் துவாரம் சுருங்கும், கோடு கூர்மையாகிவிடும். ஆகையால் துவாரத்தைச் சுருக்கிக் காட்டும் விசையை அழுத்திப் பார்த்தே கோட்டை நிறுத்த வேண்டும். காமிரா முக்காலியில் இருப்பதும் அவசியம்.

அடுத்தது கருமையின் அளவு. கரைக்கு 1/15 விநாடி, வானத்துக்கு 1/125 விநாடி என்று மீட்டர் காட்டினால் வித்தியாசம் 3 ஸ்டாப். காற்றில் நீர் கலங்கியிருந்தால் 2 ஸ்டாப் பில்ட்டரை வைத்து, கரையின் அளவான 1/15 விநாடியிலேயே எடுக்கலாம். நீர் கண்ணாடிபோல் அசையாதிருந்தால் கதை வேறு. நீரில் விழும் வானம் மேலே இருக்கும் வானத்தைவிடப் பொதுவாக ஒரு ஸ்டாப் மங்கல். அங்கே 2 ஸ்டாப் பில்ட்டரை வைத்தால் நிழல் நிஜத்தைவிடப் பிரகாசமாகிவிடும்! பார்ப்பவருக்குக் காரணம் புரியாது. ஆனால் படம் பொய் என்று மனம் சொல்லிவிடும். அன்று 1 ஸ்டாப்போடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

டிஜிட்டல் காமிராக்காரர் படத்தை உடனே பார்த்துத் திருத்திக்கொள்வார். பிலிம்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. செக்கர் வானம் சில நிமிஷங்களே நிற்கும். தவறு தெரிவதோ பிலிமைக் கழுவிய பிறகு. அப்போது வருந்தி என்ன பயன்? அந்த அந்தி திரும்பி வரப்போவதில்லை. கோட்டை நிறுத்தச் செலவாகும் அரை நிமிஷம்தான் அதைக் காப்பாற்றித் தரும். திரை போட்டதே தெரியாமல் வானமும் நீரும் ஒருங்கே விழுந்திருந்தால், அதுவே நல்ல படம்.