கைமாறும் நன்கொடை ஏடுகள்

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் வீதியிலுள்ள மருதனார்மடத்தில் 1913ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கென நிறுவிய கல்லூரி, பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் செல்வத்தால் எழுந்தது; அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே, 1824இல், அயலூரான உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையோ கடல்கடந்த பலரின் சிறு சந்தாக்களை நம்பி நடந்தது. ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்ற கொடையாளர் தமது பெயரையோ தாம் மதித்த ஒருவரின் பெயரையோ அப்பிள்ளைக்கு இடச்செய்யும் வழக்கம் அந்த மிஷன் பாடசாலைகளில் இருந்தமையால்தான், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை போன்ற தமிழறிஞரின் பெயர்கள் அமெரிக்க முன்னொட்டுடன் வழங்கலாயின. கொடுத்தவர் யார், பணம் எவருக்குச் சென்றது, கொடுத்தவருக்கு என்ன செய்தி திரும்ப அனுப்பப்பட்டது என்பவற்றைப் பதியும் ஏடு இல்லாமல் இத்தகைய ஏற்பாடு ஒரு வருடமும் நிலைத்திருக்காது.

அந்த ஏடே இன்று மென்பொருளாகியிருக்கிறது. நிதி திரட்டும் மென்பொருள் எனப்படுவது, கொடையாளரின் பெயர், முகவரி, கொடுத்த தொகை, திகதி ஆகியவற்றைச் சேமித்து, பற்றுச்சீட்டு அனுப்பி, மாதாந்த நன்கொடையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே அறவிட்டு, அடுத்த வேண்டுகோளை யாருக்கு எப்போது அனுப்பலாம் என்றும் கணித்துச் சொல்லும் ஏற்பாடாகும். பிரித்தானியாவில் வரி செலுத்துபவர் பதிவுபெற்ற தரும நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸை அரசிடமிருந்து மீளப்பெற உதவும் கிஃப்ட் எய்ட் திட்டத்துக்கும் இந்தப் பதிவுகளே ஆதாரம் என்பதால், ஒரு சிறிய சங்கத்தாலும் இவற்றைத் தவிர்ப்பது கடினம்.

இம்மென்பொருள்களை விற்கும் நிறுவனங்கள் கடந்த இருபது ஆண்டுகளாக ஒன்றையொன்று விழுங்கி வருகின்றன. 1981இல் நியூயோர்க்கில் தொடங்கிப் பின்னர் தென் கரோலினாவின் சார்ள்ஸ்டனுக்குப் பெயர்ந்த பிளாக்போட், 2007இல் ஈடாபெஸ்ட்ரியையும் 2008இல் கிண்டேராவையும் வாங்கியபின், 2012இல் தன் முதன்மைப் போட்டியாளரான கொன்வியோவைச் சுமார் 275 மில்லியன் டொலருக்கு வாங்க முற்பட்டது. அமெரிக்க நீதித் திணைக்களத்தில் வணிகப் போட்டியைக் காக்கும் பிரிவு இதனை ஆராய்ந்தும் தடுக்கவில்லை. 2022இல் சோஷல் சொல்யூஷன்ஸ், சைபர்கிராண்ட்ஸ், எவ்ரிஅக்‌ஷன், நெட்வேர்க் ஃபோர் குட் என்னும் நான்கும் ஏபக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் ஆதரவில் பொன்டெரா என்ற ஒரே பெயருக்குள் அடங்கின. ஈடாபெஸ்ட்ரியை விற்ற ஜே லவ் என்பவர் 2012இல் புளூமராங் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்க, அதுவும் 2021இல் கைண்ட்ஃபுல்லையும் 2024இல் கியூகிவ்வையும் வாங்கியது என்பது, இத்துறையில் சிறியவரும் நெடுநாள் சிறியவராக இருப்பதில்லை என்பதைக் காட்டுகிறது.

இந்தக் கொள்வனவுகளின் காரணம் மென்பொருளின் நேர்த்தியில் இல்லை. பல்லாண்டுப் பதிவுகளை ஓர் ஏற்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பணத்தையும் உழைப்பையும் விழுங்குவதால், தரும நிறுவனங்கள் ஒருமுறை சேர்ந்தபின் எளிதில் விலகுவதில்லை. புதிய வாடிக்கையாளரை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிப்பதைவிட, அவர்களை ஏற்கெனவே வைத்திருக்கும் போட்டியாளரை மொத்தமாக வாங்குவது மலிவானது. உண்மையில் விலைபோவது விலக முடியாத அந்த நிலையே. பிளாக்போட் 2023இல் ஒப்பந்தப் புதுப்பித்தல்களை மூன்றாண்டுக் கட்டுக்குள் கொண்டுவந்து விலையையும் உயர்த்தியதை இந்த ஒளியில்தான் பார்க்கவேண்டும். வாங்கிய மென்பொருள் தொடர்ந்து இயங்கும் என்பதற்கும் உறுதியில்லை: கொன்வியோவுடன் வந்த கொமன் கிரவுண்ட் என்னும் மென்பொருளைச் சில ஆண்டுகளிலேயே பிளாக்போட் கைவிட்டது.

ஊர்ப் பாடசாலைகளுக்குப் பணம் திரட்டும் இலண்டன் தமிழர் சங்கங்களை இக்கைமாற்றம் நேரடியாகத் தொட்ட இடம் ஜஸ்ட்கிவிங் ஆகும். 2000ஆம் ஆண்டளவில் சாரின் கராஸ், ஆன்-மரி ஹூபி என்னும் இருவர் பிரித்தானியாவில் தொடங்கிய அந்த நன்கொடை திரட்டும் இணையத்தளம் 2017இல் சுமார் 95 மில்லியன் பவுணுக்குப் பிளாக்போட் கைக்குப் போனது. தரகுக் கட்டணமின்றி நடந்த பிரித்தானிய டெலிகொமின் மைடொனேட் 2019இலும், இலாபநோக்கின்றி இயங்கிய வேர்ஜின் மணி கிவிங் 2021இலும் மூடப்பட்டபோது, அவற்றில் பக்கம் வைத்திருந்தவர்கள் எஞ்சிய சில தளங்களுக்குள் இடம்தேட வேண்டியதாயிற்று. இன்னொரு நிதி திரட்டும் தளமான கோஃபண்ட்மியும் கிரவுட்ரைஸ், யூகேரிங், கிளாசி என ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி வளர்ந்தது. அது பணம் அனுப்பும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இடம்பெறாததால், மருதனார்மடத்துப் பாடசாலை ஒன்றுக்காகத் திரட்டப்படும் பணமும் வெளிநாட்டிலுள்ள ஒருவரின் கணக்கில் சேர்ந்தே ஊருக்கு வரவேண்டும். விளைவாக, பணம் ஊருக்கு வந்தாலும் கொடுத்தவரின் பட்டியல் ஊருக்கு வருவதில்லை. நன்றிக் கடிதம் எழுதவேண்டிய அதிபருக்கே யாருக்கு எழுதுவது என்று தெரியாது.

பட்டியல் ஓரிடத்தில் குவிவதன் ஆபத்தை 2020ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. பெப்ரவரியில் பிளாக்போட்டின் கணினிகளுக்குள் நுழைந்து மே மாதம்வரை கண்டறியப்படாதிருந்த ஊடுருவிகள், 13,000க்கு மேற்பட்ட வாடிக்கையாளர் நிறுவனங்களின் தரவுகளைப் பிரதியெடுத்தனர். நிறுவனம் 24 பிட்கொயினைக் கப்பமாகக் கொடுத்துவிட்டு ஜூலையில்தான் விடயத்தை வெளியிட்டது. பிரித்தானியாவின் நாஷனல் டிரஸ்டும் இலண்டன் பல்கலைக்கழகமும் பாதிக்கப்பட்டோரில் அடங்கும். 2023இல் அமெரிக்காவின் 49 மாநிலங்களுக்கும் தலைநகருக்குமாக 49.5 மில்லியன் டொலர் செலுத்த அது இணங்கியது. விலகிச் சென்ற பழைய வாடிக்கையாளரின் தரவையும் அது அழிக்காமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு சாட்டிய குற்றம், அந்தத் தொகையைவிடக் கவனிக்கத்தக்கது.

பெருநிறுவனங்களின் கொள்வனவை ஊர்ச் சங்கம் எதுவும் தடுக்க முடியாது. திறந்த மூல மென்பொருளான சிவிசிஆர்எம் போன்றவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லையெனினும், அவற்றை நிறுவிப் பராமரிக்கத் தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் வேண்டும் என்பதால் எல்லாச் சங்கங்களுக்கும் அவை பொருந்தா. ஆனால் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், விலகும்போது முழுப் பட்டியலையும் எந்த வடிவில் தருவார்கள், தங்களிடமுள்ள பிரதியை எப்போது அழிப்பார்கள், நிறுவனம் கைமாறினால் விலை எவ்வளவு காலம் மாறாதிருக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுவதற்கு எந்தச் செலவும் இல்லை. கொடையாளரின் சம்மதத்துடன் பட்டியலின் ஒரு பிரதியை ஊரிலுள்ள பாடசாலைக்கும் பாதுகாப்பாக அனுப்பிவைக்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கறிக்கை வாசிக்கும்போது, பட்டியலின் பிரதி எங்கே இருக்கிறது, அது கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்ற கேள்வியையும் உறுப்பினர் எழுப்பவேண்டும்.