பாட்டுக்கு அஸ்திவாரம் போடும் நாலு தந்தி!

ஒரு பாட்டைக் கேட்கிறோம். பாடியவர் யார் என்று உடனே சொல்லிவிடுகிறோம். எழுதிய கவிஞர் பெயர் தெரியும். இசை அமைத்தவர் பெயரும் தெரியும்.

ஆனால் அந்தப் பாட்டின் அடியில், "தும்... தும்..." என்று ஒரு சத்தம் நடந்துகொண்டே இருக்கிறதே, அதை வாசித்தவர் யார்? பெரும்பாலோருக்குத் தெரியாது. அப்படி ஒரு சத்தம் இருப்பதே பலருக்குத் தெரியாது.

அந்தச் சத்தத்தைத் தரும் வாத்தியத்தின் பெயர் பேஸ் கிதார். சாதாரண கிதாருக்கு ஆறு தந்தி. இதற்கு நாலே தந்தி. ஒவ்வொன்றும் தடித்த தந்தி.

பந்தலும் தூணும்

தேனி மாவட்டத்தில் உள்ள ஓடைப்பட்டி, திராட்சைக்குப் பேர்போன ஊர். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் கல் தூண்களை வரிசையாக நட்டு, மேலே கம்பியை இழுத்துக் கட்டிப் பந்தல் போடுவார்கள். பார்க்க வருகிறவர்களின் கண் எல்லாம் தொங்கும் குலைகள்மீதுதான். தூணை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் தூண் சாய்ந்தால் பந்தலே சாய்ந்துவிடும்!

பாட்டில் பேஸ் கிதாருக்கு உள்ள வேலையும் அதுதான். பாடகரின் குரலும், வயலினும், புல்லாங்குழலும் குலைகள். அடியில் நின்று தாங்குவது பேஸ்.

அடுத்த ஊர்க்காரர்

ஓடைப்பட்டி இருக்கும் அதே உத்தமபாளையம் வட்டத்தில்தான் பண்ணைப்புரமும் இருக்கிறது. 1943-ல் அங்கே பிறந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகச் சென்று மேடைகளில் வாசித்தார். பிறகு சென்னைக்குப் போனார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையைக் கற்றார். கிதார் கற்றுத் தேர்வும் எழுதினார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பிறகு நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும்.

பேஸ் கிதாரில் ஆசை வைத்தவர்கள் இளையராஜாவின் பாட்டுகளைத் தனியாகப் போற்றுகிறார்கள். காரணம் இருக்கிறது.

பொதுவாக, பேஸ் வாசிப்பவர் தாளத்தோடு சேர்ந்து ஒன்றிரண்டு சுரங்களைத் தட்டிக்கொண்டிருப்பார். இளையராஜா அதோடு விடவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக இசைக்குறிப்பு எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். பேஸ் கிதாருக்கும் அப்படியே எழுதினார். மேலே பாடகர் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டிருப்பார். அடியில் பேஸ் கிதார் வேறொரு மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும். இரண்டும் மோதாது. கைகோத்து நடக்கும்.

'மூடுபனி' (1980), 'நினைவெல்லாம் நித்யா' (1982), 'அக்னி நட்சத்திரம்' (1988) ஆகிய படங்களின் பாட்டுகளை இந்தக் காதோடு ஒருமுறை கேட்டால் விஷயம் விளங்கும். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் நிலாவைப் பற்றிய பாட்டில் எல்லோரும் கிதாரைச் சொல்வார்கள். அந்தக் கிதாருக்குக் கீழே ஓடுவதையும் கேட்க வேண்டும்.

இளையராஜாவின் பாட்டுகள் பலவற்றுக்கு பேஸ் கிதார் வாசித்தவர் சசிதரன். பாட்டைக் கேட்டவர்கள் கோடிப் பேர். அவர் பெயரைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்த வாத்தியம்

பேஸ் கிதார் பிறந்தது அமெரிக்காவில். அதற்கு முன்னால் அடிச்சத்தம் கொடுத்தது 'டபுள் பேஸ்' என்ற வாத்தியம். வயலினைப் போல உருவம். ஆனால் ஆளைவிட உயரம்! அதை ஊர் ஊராகத் தூக்கிப் போவது பெரும் பாடு. போதாததற்கு, மற்ற வாத்தியங்களின் இரைச்சலில் அதன் சத்தம் அமுங்கிவிடும்.

1930களில் சியாட்டில் நகரத்தில் பால் டட்மார்க் என்பவர், மின்சாரத்தால் ஒலிக்கும் சிறிய பேஸ் ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1951-ல் லியோ பெண்டர் செய்ததுதான் உலகம் முழுவதும் பரவியது.

பெண்டர் யார் தெரியுமா? கலிபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! வாசிப்பவர்களின் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டே வாத்தியத்தை உருவாக்கினார்.

எப்படி ஒலிக்கிறது?

தந்திக்கு அடியில் காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைப் போல மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். இதற்கு 'பிக்கப்' என்று பெயர். இரும்புத் தந்தி அதிரும்போது கம்பிச் சுருளில் சிறிய மின்சாரம் உண்டாகிறது. அதை ஆம்ப்ளிபயர் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

தடித்த தந்தியை மீட்டினால் அது ஒரு நொடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. சாதாரண கிதாரின் தடித்த தந்தி அதைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் அதிரும். அதிர்வு குறைந்தால் சத்தம் கனக்கும். இதுதான் ரகசியம்.

கையாலே திருத்தியவர்கள்

கடையில் வாங்கிய வாத்தியத்தை அப்படியே வைத்துக்கொள்ள பேஸ் பிரியர்களுக்கு மனம் வருவதில்லை. கழற்றுவார்கள். மாற்றுவார்கள். தங்கள் காதில் ஒலிக்கும் சத்தம் கையில் வரும்வரை ஓய மாட்டார்கள்.

1961-ல் இங்கிலாந்தில் பில் வைமன் என்ற இளைஞர், மலிவான பழைய பேஸ் கிதார் ஒன்றை வாங்கினார். அதன் உருவம் பிடிக்கவில்லை. மரத்தை அறுத்துச் சிறியதாக்கினார். தேய்ந்துபோன மெட்டுகளைப் பிடுங்கினார். வீணையில் விரல் வைக்க வரிசையாக இருக்குமே, அதே மெட்டுகள்தான். புதிய மெட்டு போடலாம் என்பது திட்டம். ஆனால் மெட்டு இல்லாமலே வாசித்துப் பார்த்தார். சத்தம் குழைந்து குழைந்து வந்தது. அப்படியே விட்டுவிட்டார்! பிறகு அவர் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார்.

அமெரிக்காவில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் என்பவரும் இதே வேலையைச் செய்தார். அவர் வைத்திருந்தது 1962-ல் செய்யப்பட்ட பேஸ். வெண்ணெய் தடவும் கத்தியால் மெட்டுகளை எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பள்ளங்களை மரப்பசையால் அடைத்தார். படகுகளுக்குப் பூசும் கெட்டிப் பூச்சை மேலே பூசினார். 'அன்னக்கிளி' வந்த அதே 1976-ல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. பேஸ் கிதாரால் இப்படியும் பாட முடியுமா என்று உலகம் வியந்தது.

ஜேம்ஸ் ஜேமர்சன் வழி வேறு. டெட்ராய்ட் நகரத்தில் 'மோட்டவுன்' கம்பெனியின் பாட்டுகளுக்கு வாசித்தவர் அவர். அவர் வாத்தியத்தில் தந்திகளின் அடியில் ஒரு துண்டு நுரைப் பஞ்சு இருந்தது. சத்தம் நீளாமல் "தும்" என்று சட்டென நிற்கும். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். பழைய தந்தியில்தான் தமக்கு வேண்டிய சத்தம் இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

நமக்குப் புதிதல்ல

வாத்தியத்தை வாசிப்பவனே திருத்துவது தமிழ்நாட்டுக்குப் புதிய சங்கதி அல்ல.

மிருதங்கத்தின் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அதன் நடுவில் அப்புவார்கள். உடனே சத்தம் கனத்துவிடும். கச்சேரி முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அடிச்சத்தத்துக்காகச் செய்யும் கைவேலை இதைவிடப் பழையது ஏது?

வீணையின் மெட்டுகளை மெழுகில் பதித்திருப்பார்கள். மெழுகு தேய்ந்தால் சுரம் பிசகும். அப்போது மறுபடியும் காது வைத்துக் கேட்டு மெட்டுகளைப் பதிப்பார்கள். உறுமி மேளத்திலும் இந்த அடிச்சத்தத்தைக் கேட்கலாம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தால் மேளம் உறுமும். நம் கிராமத்துக் காது இந்தச் சத்தத்துக்குப் பழகிய காதுதான்.

மாண்டலின் சீனிவாசன் (1969-2014) இதற்கு அழகான உதாரணம். மேல்நாட்டு மாண்டலினில் எட்டுத் தந்தி, நாலு ஜோடி. அது கர்நாடக இசைக்குச் சரிப்படவில்லை. அவர் ஜோடியைக் கைவிட்டு ஒற்றைத் தந்திக்கு மாறினார். கீழ் ஸ்தாயிக்கு இடம் வேண்டுமென்று ஐந்து தந்தி வைத்துக்கொண்டார். மின்சார மாண்டலினில் ராகம் குழைந்தது.

வீட்டிலேயே என்ன செய்யலாம்?

பேஸ் பிரியர்கள் வீட்டிலேயே செய்யும் வேலைகள் சில உண்டு.

பாலத்தின் அருகே தந்திகளுக்கு அடியில் நுரைப் பஞ்சு வைப்பது ஒன்று. காசு செலவில்லை. பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். முதலில் கைவைக்கிறவர்களுக்கு இதுவே நல்லது.

தந்தியை வேக வைப்பது இன்னொன்று! பேஸ் தந்தியின் விலை அதிகம். வியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் சத்தம் மங்கிவிடும். கழற்றிச் சில நிமிடம் கொதிநீரில் போட்டு, ஈரம் போக நன்றாகத் துடைத்து மாட்டினால் கொஞ்ச நாளைக்குப் புதிய தந்தி போல ஒலிக்கும்.

ஆம்ப்ளிபயரில் "கொர்" என்ற இரைச்சல் வந்தால், வாத்தியத்தின் வயிற்றுப் பள்ளத்தில் மெல்லிய தாமிரத் தகட்டை ஒட்டி, அதை எர்த் கம்பியோடு இணைப்பார்கள். இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகும்போது மட்டும் அவசரம் கூடாது. ஒரு தடவைக்குக் கால் சுற்று. மறுநாள் பார்த்துத்தான் அடுத்த கால் சுற்று. மீறினால் கழுத்து முறியும். மெட்டுகளைப் பிடுங்க ஆசைப்படுகிறவர்கள் பழைய, மலிவான வாத்தியத்தில் பழக வேண்டும். பிடுங்கிய மெட்டைத் திரும்பப் பதிப்பது லேசான வேலை அல்ல.

ஜாக்கிரதை!

வாத்தியத்தில் கைவைக்கலாம். ஆம்ப்ளிபயருக்குள் கைவைக்கக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதற்குள் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். அது தெரிந்தவர் வேலை.

திருவிழா மேடைகளில் வாசிப்பவர்கள் மின் இணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிதாரின் தந்தி இரும்பு. மைக்கும் இரும்பு. ஒன்றில் மின்சாரம் கசிந்தால், இரண்டையும் தொடுகிறவர் உடல் வழியாகப் பாய்ந்துவிடும். 1972-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரத்தில், லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிர் இழந்தார். பாட்டைவிட உயிர் பெரிது.

திருடு போன மூன்று

கையாலே திருத்திய வாத்தியம் உலகத்தில் ஒன்றுதான் இருக்கும். அது போனால் வேறு கிடைக்காது.

ஜாக்கோவின் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் திருடு போனது. மறு ஆண்டு அவர் 35 வயதில் இறந்தார். வாத்தியம் வெளியே வர ஏறக்குறைய இருபது ஆண்டு ஆயிற்று. ஜேமர்சனின் பேஸ், 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு திருடு போனது. அது திரும்பவே இல்லை.

பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கிய பேஸ், 'பீட்டில்ஸ்' குழுவின் ஆரம்பப் பாட்டுகளில் ஒலித்தது. 1972-ல் திருடு போயிற்று. அரை நூற்றாண்டு தேடினார்கள். அது அவரிடம் திரும்பிவிட்டது என்ற செய்தி 2024-ல் வெளியானது. உலகமே மகிழ்ந்தது.

பெயர் எங்கே?

வாத்தியம் தொலைந்தால் தேடுகிறார்கள். வாசித்தவர் பெயர் தொலைந்தால்?

ஜேமர்சன் 1960களில் எத்தனையோ வெற்றிப் பாட்டுகளுக்கு வாசித்தார். இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இல்லை. 1971-ல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டில்தான் வாசித்தவர்களின் பெயர்கள் வந்தன. ஜேமர்சனுக்கு ஒப்பற்றவர் என்ற அடைமொழியும் கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் அதே கதைதான். பழைய இசைத்தட்டு உறைகளில் படத்தின் பெயர் இருக்கும். பாடகர், கவிஞர், இசை அமைப்பாளர் பெயர்கள் இருக்கும். வாத்தியக்காரர் பெயர் இருக்காது. ஏ. ஆர். ரஹ்மான் தம் ஒலிநாடாக்களிலும் தட்டுகளிலும் வாசித்தவர்கள் பெயரைப் போட்டார். அவருக்கு பேஸ் வாசித்த சென்னைக் கலைஞர் கீத் பீட்டர்ஸின் பெயர் ரசிகர்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

கேட்பது எப்படி?

கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் சத்தம் சரியாக வராது. அவ்வளவு கனமான சத்தத்தை அதனால் எழுப்ப முடியாது. காதில் மாட்டும் கருவியிலோ பெரிய ஒலிபெருக்கியிலோ கேட்க வேண்டும்.

முதல் தடவை குரலைக் கேளுங்கள். இரண்டாம் தடவை குரலை விட்டுவிட்டு அடியில் நடக்கும் சத்தத்தை மட்டும் பின்தொடருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு, "இதை வாசித்தவர் பெயர் என்ன?" என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருப்பதுதான், நாலு தந்திக் கலைஞனுக்கு நாம் செய்யும் மரியாதை!