'டக்' கேட்கிறதா?

சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது. பேட்டரி முள்ளும் பச்சையில்தான் நிற்கிறது. ஆனால் ஓட்டும் லிவரை அழுத்தினால் அம்மாவின் பேட்டரி ஸ்கூட்டர் இம்மியும் நகரவில்லை. மோட்டார் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். டீயைக் குடியுங்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

நடக்க முடியாதவர்கள் ஓட்டும் இந்த மூன்று சக்கர, நான்கு சக்கர வண்டிகளில் பிரேக் எப்போதும் பிடித்தபடியேதான் இருக்கும். மோட்டாரோடு சேர்ந்த பிரேக்கை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கிறது. மின்சாரம் பாய்ந்தால்தான் காந்தம் அதை இழுத்து விடுவிக்கும். லிஃப்டிலும் இதே ஏற்பாடுதான். சரிவில் வயர் அறுந்தாலும் வண்டி உருண்டுவிடக் கூடாது என்று யோசித்து வைத்தது. ஆகவே, சின்னச் சந்தேகம் வந்தாலும் நின்றுவிடுவதே இந்த வண்டியின் சுபாவம். எதைக் கண்டு நிற்கிறது என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

அதற்கு முதலில் காது போதும். டிவியை அணைத்துவிட்டு, வேறொருவரை லிவரை மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் குனிந்து கேளுங்கள். உள்ளிருந்து 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வர வேண்டும். பெரும்பாலும் அது பிரேக் விடுபடும் சத்தம்.

சத்தமே இல்லையா? மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் இன்னும் அனுமதி தரவில்லை. முதல் சந்தேகம், பிரேக்கை விடுவித்து வண்டியைக் கையால் தள்ள உதவும் ஃப்ரீவீல் லிவர்மீது. வீடு பெருக்கும்போது வண்டியைத் தள்ளிவைக்க அதை விடுவித்திருப்பார்கள். திரும்பப் போட மறந்திருப்பார்கள். அதைப் பழைய நிலைக்குத் தள்ளி, சாவியை அணைத்து மறுபடி போடுங்கள். சார்ஜர் செருகியிருந்தாலும் வண்டி நகராது. ஓட்டும் லிவரை அழுத்தியபடியே சாவியைப் போட்டாலும் பூட்டிக்கொள்ளும். சில மாடல்களில் சுழலும் சீட் சரியாக உட்காராவிட்டாலும் இதே கதை. பேனலில் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், ஒரு சுற்றுக்கு எத்தனை முறை என்று எண்ணிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்; கோளாறை வண்டியே சொல்லிவிடும்.

'டக்' வருகிறது, ஆனால் நகரவில்லை, அல்லது ஓரடி போய் அணைந்துவிடுகிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. முழு சார்ஜில், ஓய்வில், ஒவ்வொன்றும் 12.7 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பழசாகிப்போன பேட்டரியும் சும்மா இருக்கும்போது அதே 12.7 காட்டக்கூடும், பேனல் முள்ளும் அதை நம்பித்தான் பச்சையில் நிற்கிறது. மல்டிமீட்டர் முனைகளை ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியாக வைத்து, லிவரை அழுத்தும்போது எண்ணைக் கவனியுங்கள். ஒன்று 12-ஐ ஒட்டி நின்று, மற்றது 10-க்கும் கீழே சரிந்தால், சரிந்ததுதான் குற்றவாளி. மாற்றும்போது இரண்டையும் மாற்றிவிடுங்கள். புதியதோடு பழையதைச் சேர்த்தால் புதியதும் சீக்கிரம் கெடும்.

இந்த பேட்டரிகளுக்கு ஆகாதது, சார்ஜ் இறங்கிய நிலையில் கிடப்பது. அம்மா மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கினால், அதற்குள் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். ஓட்டாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லிவையுங்கள். அடியோடு இறங்கிய பேட்டரியைச் சில சார்ஜர்கள் அடையாளமே காணாது. சார்ஜர் ரிப்பேர் என்று அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

விளக்கே எரியவில்லையென்றால் பேட்டரிப் பெட்டி சரியாகப் பொருந்தியிருக்கிறதா, சர்க்யூட் பிரேக்கர் பட்டன் வெளியே துருத்தியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே அழுத்திய பட்டன் மறுபடி துள்ளினால் அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மடக்கும் ஹேண்டில் பாருக்குள் அறுந்த வயரும் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷும் அவர் பார்க்க வேண்டியவை. 'டக்' வந்ததா, விளக்கு எத்தனை முறை மின்னியது, வோல்ட் எவ்வளவு இறங்கியது என்று போனிலேயே சொன்னால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வழியில் நின்றுபோனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சரிவில், ஆளை உட்காரவைத்தபடி ஃப்ரீவீல் லிவரைத் திருப்பாதீர்கள். அந்த நொடியில் பிரேக்கே கிடையாது. ஆளோடு சேர்ந்த எடையை உங்கள் கை தாங்காது. அவரைப் பத்திரமாக இறக்கி உட்காரவைத்துவிட்டு, பிறகு வண்டியைத் தள்ளுங்கள்.