பிராந்தியா, சுக்கு காபியா? மழைக்குளிரில் உண்மையில் உடம்புக்கு சூடு தருவது எது?

குன்றத்தூர், அக். 31-

வடகிழக்கு பருவமழை தொடங்கி விட்டால் குன்றத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இரவு நேரத்தில் குளிர் வாட்டி எடுக்கும். 2-வது ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் செம்பரம்பாக்கம் ஏரி பக்கமாக பைக்கில் வீடு திரும்பும் தொழிலாளர்களுக்கு பல் தந்தி அடிக்கும்.

அப்போது 2 யோசனை வரும். ஒன்று, ரோட்டோரம் நின்று சூடாக ஒரு டம்ளர் சுக்கு காபி. இன்னொன்று, "ஒரு கட்டிங் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்பது. இதில் எது உண்மையான சூடு? எது பொய் சூடு? இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஈரச்சட்டைதான் எதிரி

சென்னை சுற்றுவட்டாரத்தில் மழைக்கால இரவுகளில் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்கு கீழே இறங்குவது இல்லை. ஊட்டி குளிர் இங்கே கிடையாது. ஆனால் சட்டை நனைந்து, அதன் மேல் பைக் காற்றும் அடித்தால் கதை வேறு. துணியில் உள்ள தண்ணீர் ஆவியாகும்போது உடம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். அதனால்தான் நடுக்கம். டீக்கடையை தேடும் முன்பு ஈரத்துணியை மாற்றி தலையை துவட்டுவதுதான் முதல் வைத்தியம்.

சுக்கு செய்யும் வேலை

இஞ்சி காய்ந்தால் சுக்கு. பச்சை இஞ்சியின் காரத்துக்கு ஜிஞ்சரால் என்ற பொருள் காரணம். காயும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. இதற்கு காரம் அதிகம். அதனால்தான் சுக்கு சுள்ளென்று இறங்குகிறது. மிளகின் காரத்துக்கு பைப்பரின் என்று பெயர்.

நாக்கிலும் தொண்டையிலும் சூட்டை உணரும் நரம்புகள் உண்டு. அதே நரம்புகளைத்தான் இந்த காரமும் தட்டி எழுப்புகிறது. மிளகாய் காரத்தை வைத்து இந்த ரகசியத்தை கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 2021-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை பகிர்ந்து கொண்டார்.

ஒரு டம்ளர் சுக்கு காபி உடம்பின் வெப்பநிலையை பெரிதாக ஏற்றி விடாது. ஆனால் தொண்டைக்கு இதம், வயிற்றுக்கு கதகதப்பு, கருப்பட்டியால் கொஞ்சம் தெம்பு கிடைக்கும். நிதானமும் தவறாது.

பிராந்தி தருவது பொய் சூடு

மது உள்ளே போனதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரியும். சூடான ரத்தம் தோலுக்கு பாயும். முகம், காது எல்லாம் ஜிவ்வென்று சூடாகும். ஆனால் அந்த சூடு உள்ளிருந்து வந்தது. தோல் வழியாக அது காற்றில் போய் விடும். சூடாவது போல் தெரியும், உள்ளே உடம்பு குளிர்ந்து கொண்டே போகும். நனைந்த உடம்போடு குடித்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்து வண்டி ஓட்டினால் குற்றம். முதல் தடவை சிக்கினால் ரூ.10 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். மழையில் வழுக்கும் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே உயிருக்கே உத்தரவாதம் இல்லை.

சளி பிடித்த குழந்தைக்கு ஒரு ஸ்பூன் பிராந்தி கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. இது கூடவே கூடாது. சின்ன குழந்தைகளுக்கு மதுவால் ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று குறைந்து வலிப்பு வரை போகலாம்.

வெளிநாட்டிலும் இதே பழக்கம்

அமெரிக்கா போன்ற நாடுகளில் அக்டோபர் 31-ந்தேதி ஹாலோவீன். பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்குவார்கள். பெரியவர்கள் ஆப்பிள் சாறில் பட்டை, கிராம்பு போட்டு சூடாக குடிப்பார்கள். சிலர் அதில் ரம்மும் கலப்பார்கள். ஜெர்மனியில் ஒயினையே பட்டை, கிராம்போடு சூடுபடுத்துவார்கள். ஊர் எதுவானாலும் மது செய்யும் வேலை ஒன்றுதான்.

தூக்கம் கலையுமா?

பேரில்தான் காபி. காபித்தூள் சேர்க்காத சுக்கு காபியில் தூக்கத்தை விரட்டும் காபீன் கிடையாது. நைட் ஷிப்ட் முடிந்து கண் சொக்கும்போது இதை நம்பி வண்டியை எடுக்கக்கூடாது. பத்திரமான இடத்தில் 15, 20 நிமிடம் கண் மூடிவிட்டு கிளம்புவதே நல்லது. வீட்டுக்கு போய் தூங்கப்போகும் முன் குடிக்க சுக்கு காபி தோதானது.

வீட்டிலேயே தயாரிக்க

தோல் சீவிய சுக்கு 50 கிராம், மல்லி விதை 100 கிராம், மிளகு ஒரு மேஜைக்கரண்டி, ஏலக்காய் 5. மல்லியையும் மிளகையும் லேசாக வறுத்து, சுக்கை தட்டி, எல்லாம் சேர்த்து பொடித்து டப்பாவில் வைக்கலாம். இரண்டரை டம்ளர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் பொடி, ருசிக்கு கருப்பட்டி போட்டு 2 டம்ளராக சுண்டியதும் வடிகட்டினால் ரெடி.

யார் கவனமாக இருக்கணும்?

கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றும். எனவே சர்க்கரை நோயாளிகள் இனிப்பு இல்லாமல் குடிக்கலாம். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு காரம் ஒத்துக்காது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சுக்கு காபி காய்ச்சலுக்கு மருந்தும் அல்ல. மழைக்காலத்தில் டெங்கு பரவும் என்பதால் 2 நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால் உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போய் ரத்தப்பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.