மூட்டும் தீயும்

மருதமுனையில் தறியோசை வைகறையிலேயே எழுந்துவிடும். அவ்வூர் நெசவாளர் ஒருவரின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் எம் பாடசாலையில் ஏழாந்தரத்திற் கற்றான். முதற் பாடவேளையில் அவன் எழுதுகோலைத் தொடமாட்டான்; நண்பகலில் முற்றத்திற் பந்தின் பின்னே ஓடுவான். “காலையில் முடவன், மாலையில் மானோ?” என்று வகுப்பறிய ஏளனஞ் செய்தேன், வாசலில் நிற்கவும் வைத்தேன். “விரல் மடங்குதில்ல சேர்” என்றான். யான் நம்பவில்லை.

2006 ஆம் ஆண்டின் இறுதியிற் சிக்குன்குனியாக் காய்ச்சல் கல்முனைப் பகுதியிற் பரவியதை இவ்வூரார் மறந்திரார். பலருக்குச் சில வாரங்களில் நோவு தணிந்தது. சிலர் மாதக்கணக்கில் வருந்தினர். அதன்பின் மூட்டு நோகின்றது என்று எவர் சொன்னாலும், “அது தானாப் போயிரும்” என்பது வழக்காயிற்று. அப்பையனின் உம்மாவும் அவ்வாறே இருந்துவிட்டார். வாதம் முதியோர்க்கே உரியது என்னும் எண்ணமும் அதற்குத் துணை நின்றது.

பின்னர் ஒரு வைத்தியர் அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, இஃது இளம்பருவ மூட்டழற்சி என்றார். பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, ஆறு வாரமேனும் நீடித்து, வேறு காரணங் காணப்படாத மூட்டு வீக்கத்துக்கு இப்பெயர். உறக்கத்தின்பின் விறைத்து, அசைய அசைய இளகுவது அதன் இயல்பு. யான் பொய்யென்று கொண்டதே நோயின் சாட்சியாயிருந்தது.

நாணம் மேலிட, இந்நோயை ஆராய்ந்தவர் யாரெனத் தேடினேன். ஜோர்ஜ் பிரெடெரிக் ஸ்டில் என்பார் 1868 இற் பிறந்தவர். கேம்பிரிட்ஜிற் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்றுத் தேறியபின் மருத்துவம் பயின்றார். இலக்கியம் படித்தவருக்கு வேறு தொழில் தெரியாதென்போர் இதனைக் குறித்துக்கொள்க. இலண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையிற் பணியாற்றியபோது, 22 குழந்தைகளின் நோய் வரலாற்றைத் தொகுத்து 1897 இல் வெளியிட்டார். சிலரிடம் காய்ச்சலும் நிணக்கணு வீக்கமும் மண்ணீரற் பெருக்கமும் மூட்டு நோயோடு சேர்ந்திருக்கக் கண்டார். பெரியோரின் வாதம் சிறு உடலிற் புகுந்ததன்று இது, தனியொரு நோய் என்று பிரித்துக் காட்டினார். அவ்வகைக்கு அவர் பெயரே வழங்கிற்று.

அவரே 1902 இல், ஓரிடத்தில் நில்லாத, கவனஞ் சிதறும் பிள்ளைகளைப்பற்றி விரிவுரைகள் ஆற்றினார். தண்டனைக்கு உரியோரென ஆசிரியர் ஒதுக்கும் பிள்ளைகளையும் மருத்துவக் கண்கொண்டு நோக்கியவர் அவர். அதனைப் படித்தபோது என் வகுப்பறை வாசல் நினைவுக்கு வந்தது.

சொல்லாராய்ச்சி என் தொழில். ஆதலால் ஒன்று கூற விடுக. தமிழில் ‘மூட்டு’ என்பது பொருத்தையுங் குறிக்கும். தீ மூட்டுதலையுங் குறிக்கும். ‘அழற்சி’யிலும் அழல் உண்டு, ஆங்கிலர் வழங்கும் சொல்லும் இலத்தீனிற் சுடரைக் குறிப்பதன்வழி வந்தது. புறப்பகையை எரிக்கவேண்டிய நிர்ப்பீடனம், மூட்டின் உட்சவ்வைப் பகையென மயங்கி அங்கே தீ மூட்டுகின்றது. ஸ்டில் கண்ட வகையில், இன்டர்லியூக்கின் ஒன்று, ஆறு என்னும் இரு புரதங்கள் அத்தீக்கு நெய்யாகின்றன. அவற்றைத் தடுக்கும் மருந்துகள் இந்நூற்றாண்டில் வந்தன. ஆறாவதைத் தடுக்கும் டொசிலிசுமாப்பின் பயனைக் காட்டிய ஆய்வு 2012 இல் வெளியாயிற்று. விலை ஏழைக்கு எட்டாதது.

எம் மாணாக்கனுக்குக் கிடைத்தது பழைய மருந்தான மெத்தோட்ரெக்சேற்று. வாரத்துக்கு ஒரே நாள். நாள்தோறும் உண்டால் நஞ்சாகும். உம்மம்மா நாட்காட்டியில் வெள்ளிக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். கண்ணையும் காலந்தோறும் காட்டவேண்டும் என்றனர். இந்நோயில் விழியின் உள்ளழற்சி சிவப்போ நோவோ இன்றியே பார்வையைக் கெடுக்கக்கூடும். வைத்தியரின் கருவிக்கன்றி அது புலப்படாது.

மருந்து பலன்தரச் சில மாதங்கள் சென்றன. அதுவரை உம்மம்மா அவன் கைகளை வெந்நீரில் வைத்திருந்தே பாடசாலைக்கு அனுப்பினார்; அதனை விடவேண்டாம் என்று வைத்தியரும் சொன்னாராம். யானும் கட்டுரை எழுதும் பாடத்தைக் காலையிலிருந்து கடைசி வேளைக்கு மாற்றினேன். முதல்நாள் அவன் எழுதியது ஒன்றரைப் பக்கம். தலைப்பு, ‘எங்கள் தறி’.